லைக்கா எம்3: முதன்முதலில் கண் வைத்துப் பார்த்த அனுபவம்

உடன் பணிபுரியும் ஜெர்மானிய நண்பர், தம் தந்தையின் லைக்கா எம்3 கேமராவை ஒரேயொரு ஞாயிற்றுக்கிழமைக்கு என்னிடம் தந்தார். 1954இல் அறிமுகமான மாதிரி. பேட்டரி இல்லை, வெளிச்சத்தை அளக்கும் ஒளிமானியும் இல்லை. நூறு வேக ஃபிலிமைப் போட்டுக் கொடுத்து, "ஷட்டரை 250இல் வைத்துவிடு. வெயிலில் துளை பதினொன்று, நிழலில் நான்கு" என்றார். அதாவது ஷட்டர் நொடியில் 250இல் ஒரு பங்கு நேரம் திறக்கும்; லென்ஸின் துளை எண் கூடக் கூட உள்ளே வரும் ஒளி குறையும். பாடம் அவ்வளவுதான்.

பிராங்பர்ட்டிலிருந்து வெட்ஸ்லாருக்கு ரயில் ஏறினேன். லைக்கா பிறந்த ஊர் அது. லைக்காவை வடிவமைத்த ஆஸ்கர் பார்னாக், தாம் உருவாக்கிய அதன் முன்மாதிரிக் கேமராவால் 1914 வாக்கில் படமெடுத்த ஐசன்மார்க்ட் சதுக்கத்தில் போய் நின்றேன்.

காட்சியைப் பார்க்கும் சிறு ஜன்னலான வியூஃபைண்டரில் கண் வைத்த நொடியை எப்படிச் சொல்வது! அதன் உருப்பெருக்கம் 0.91, வெறும் கண்ணால் காண்பதற்கு மிக நெருக்கம். அதனால் இரண்டு கண்களையும் திறந்தே வைத்திருக்கலாம். தெருவின்மேல் ஒரு வெள்ளைக் கோட்டுச் சட்டம் மிதக்கிறது. சட்டத்துக்கு வெளியேயும் தெரு நீள்கிறது. நடுவிலுள்ள சிறு கட்டத்தில் இரட்டை உருவம். லென்ஸைத் திருப்பத் திருப்ப இரண்டும் நெருங்கி ஒன்றாகின்றன. ஒன்றானால் குவியம் சரி.

இடப்பக்கம், சட்டத்துக்கு வெளியே, ரொட்டிப் பையோடு ஒரு மூதாட்டி வந்துகொண்டிருந்தார். கூடவே ஒரு நாய். அவர் சட்டத்தின் கோட்டைத் தாண்டும்வரை காத்திருந்து அழுத்தினேன். லென்ஸ் வழியே வரும் காட்சியைக் கண்ணாடியால் காட்டும் எஸ்.எல்.ஆர். கேமரா என்றால் சரியாக அந்தக் கணத்தில் கண்ணாடி எழும்பிக் காட்சி இருண்டுவிடும். இருபது ஆண்டுகளாக, நான் எடுத்த கணங்களையே நான் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. துணித்திரை ஷட்டரின் மெல்லிய ஓசைக்கு அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

*

உங்கள் பதிவைப் படித்தேன். எனக்கு வேறு மாதிரி அனுபவம். எம்3இல் அடித்தகட்டைக் கழற்றி, சுருளியை வெளியே இழுத்து, அதில் ஃபிலிம் நுனியைச் செருக வேண்டும். என் தங்கையின் நிச்சயதார்த்தத்தில் நுனி சரியாகப் பிடிக்கவில்லை. எடுத்த படங்களை எண்ணும் எண்காட்டி மட்டும் 36 வரை ஓடியது. ஃபிலிம் அசையவே இல்லை. ஒரு படமும் கிடைக்கவில்லை. இன்றும் மனம் ஆறவில்லை. புதிதாக வாங்குபவர்கள் தயவுசெய்து கவனியுங்கள்: சுருளைத் திரும்பச் சுற்றும் குமிழில் இரண்டு சிவப்புப் புள்ளிகள் இருக்கும். ஃபிலிமை நகர்த்தும் நெம்புகோலைத் தள்ளும்போது அவை சுழன்றால்தான் ஃபிலிம் நகர்கிறது.

*

இன்னொரு வாசகன் எழுதுகிறேன். குழந்தைகளின் முகத்தை நெருங்கி எடுப்பவன் நான். தொடக்ககால எம்3களுக்கு ஒரு மீட்டர்தான் எல்லை, அதற்குள் குவியாது. அதனால் எனக்கு எஸ்.எல்.ஆர்.தான். ஆனாலும் அந்த மூதாட்டி படம் எப்படி வந்தது, ஐயா? கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்களா?

*

திங்கட்கிழமை காலையே கொடுத்துவிட்டேன். படத்தில் மூதாட்டியின் முன்வைத்த கால் மட்டும் வெயிலில் இருக்கிறது. நாய் இன்னும் சட்டத்துக்குள் வரவில்லை, கயிறு மட்டும் நீள்கிறது. நண்பர் ஒரு பிரதி கேட்டு வாங்கித் தந்தைக்கு அனுப்பினார். வரும் ஞாயிற்றுக்கிழமைக்கும் கேமராவைக் கேட்டிருக்கிறேன்.