ஸ்டூடியோவுல கேட்ட சொந்தக் குரல்

நடிகைங்கள நேர்ல பாத்தவங்க சொல்லுங்கன்னு கேட்டீங்கல்ல, என்னோடது சாங்கி ஏர்போர்ட் செல்ஃபி கதை கெடையாது. பகல் நேர டிவி பேட்டி ஒண்ணுக்கு ஆடியன்ஸா போயிருந்தேன். சிங்கப்பூர் டிவி ஸ்டேஷன் ஒன் நார்த் பக்கம் மாறாத காலம், கால்டிகாட் ஹில்ல ஆண்ட்ரூ ரோட்டுல இருந்துச்சு. பெரியம்மாவோட கூட்டாளி ஒருத்தங்க மூலமா பாஸ் கெடச்சுது. வந்த கெஸ்ட் தொண்ணூறுகள்ல பெரிய ஹீரோயின், வடக்கத்திப் பொண்ணு, இங்க ஏதோ ஸ்டேஜ் ஷோவுக்கு வந்தவங்க. பேரு சொல்லல, சொன்னா ரசிகர் சண்டை ஆரம்பிச்சிடும், அப்புறம் பேச வந்தது போயிடும்.

பளிச்சுனு வெள்ளை சட்டை வேணாம், பொடிக் கட்டம், நெருக்கமா கோடு போட்டது எதுவும் வேணாம், கேமராவுல அலை அலையா ஆடும்னு முன்னாடியே சொல்லிட்டாங்க. பெரியம்மா அதையே சாக்கா வெச்சு தேக்காவுல புதுசா ஒரு சேலை வாங்கிட்டாங்க. உள்ள ஏர்கான் குளிரு தாங்கல. கெஸ்ட் வர்றதுக்கு முன்னாடியே எங்கள கை தட்ட வெச்சு, சிரிக்க வெச்சு, ஆச்சரியமா பாக்க வெச்சு எல்லாத்தையும் எடுத்துட்டாங்க, காலி சோபாவப் பாத்து பெரியம்மா விழுந்து விழுந்து சிரிச்சாங்க, டிவில வந்தப்போ அந்த சிரிப்பு நடிகையோட ஏதோ ஒரு பதிலுக்கு அப்புறம் வந்துச்சு, வீட்ல எல்லாரும் ஓட்டித் தள்ளிட்டாங்க.

சரி விஷயத்துக்கு வர்றேன். அவங்க வந்து உக்காந்ததும் சேலை மடிப்புல குட்டி மைக்க குத்தி, வயர முதுகுப் பக்கமா சொருகுனாங்க. வளையல் சத்தம் மைக்ல விழுதுன்னு கழட்டச் சொன்னாங்க, எதுவும் சொல்லாம கழட்டிக் குடுத்தாங்க. அப்புறம் சவுண்ட் பாக்குறவர், மேடம் ஏதாச்சும் பேசுங்க, காலைல என்ன பசியாறினீங்கன்னு கேட்டாரு. காயா ரொட்டியும் கோப்பியும்னு அவங்க சொன்னாங்க பாருங்க, எங்க வரிசையே ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டோம். கரகரன்னு, நல்ல கனமான குரல். நாங்க இத்தன வருஷமா படத்துல கேட்டது கீச்சுக் கீச்சுன்னு சின்னப் பிள்ளைக் குரல். பெரியம்மா என் காதுல, 'ஏய் யாருடி பேசுறது?'ங்கிறாங்க.

டப்பிங்னு ஒண்ணு இருக்குன்னு எனக்கும் தெரியாம இல்ல. சிம்ரனுக்கும் ஜோதிகாவுக்கும் ரொம்பப் படங்கள்ல ஒரே ஆளுதான், சவிதா ரெட்டி. 1995ல வந்த மணிரத்னம் படத்துல மனிஷா கொய்ராலாவுக்குப் பேசினது நடிகை ரோகிணி. ஆனா தெரியறது வேற, பத்தடி தூரத்துல அந்த மூஞ்சிலேருந்து இந்தக் குரல் வர்றதப் பாக்குறது வேற. பேட்டில அதப் பத்தி கேட்டப்போ அவங்க மழுப்பவே இல்ல, ஷூட்டிங்ல பக்கத்துலேருந்து ஒருத்தர் வசனத்த எடுத்துக் குடுப்பாரு, வாயசைவு சரியா இருந்தா போதும்னு இருந்தேன், அழுகைச் சீன்ல பாதி நடிப்பு எனக்குக் குரல் குடுத்த அந்தம்மாவோடதுதான்னு உடைஞ்ச தமிழ்லயே சொன்னாங்க. மேக்கப் டிப்ஸ், பிள்ளைங்க படிப்பு, பிடிச்ச சமையல்னு மத்ததெல்லாம் வழக்கமா எல்லா பகல் ஷோவுலயும் வர்றதுதான். என்னைக் கேட்டா நடிகைய பேட்டிக்குக் கூப்பிட்டா பாதி நேரம் இதையே கேக்கணும், சமையல் குறிப்ப யார்கிட்ட வேணாலும் வாங்கிக்கலாம்.

*

மேல சொன்னவங்க அளவுக்கு கிட்டக்க பாத்ததில்ல, நம்மளோடது வீட்டு சோபா அனுபவம் லா. எங்கம்மா சென்னை சேனல் காலை நிகழ்ச்சிய விடாம பாப்பாங்க, அங்க ஒம்பது மணின்னா இங்க பதினொன்றரை, அங்க நிகழ்ச்சி நடத்துறவங்க காபி குடிச்சிட்டே சினிமா கெஸ்ட்டோட பேசிட்டு இருப்பாங்க, இங்க அம்மா மீனுக்கு மசாலா தடவிட்டு இருப்பாங்க. பாதி நேரம் டிவியப் பாக்கவே மாட்டாங்க, காது மட்டும்தான். அதனாலயோ என்னவோ குரல்ல அவங்கள ஏமாத்த முடியாது. 2013ல நயன்தாரா படம் ஒண்ணு வந்தப்போ, இது சீரியல்ல வர்ற பொண்ணு குரலாச்சேன்னு அடுப்படிலேருந்தே கத்துனாங்க. உண்மைதான், தீபா வெங்கட் பேசினது, அவங்க சன் டிவி சீரியல்கள்ல நடிச்சவங்கதான். எனக்கு அப்போ சுத்தமா தெரியாது, அம்மாதான் கூகிள்.

ஆனா சொந்தக் குரல் கேட்டா பிடிக்கும்னு நெனைக்காதீங்க. 2015ல விக்னேஷ் சிவன் படத்துல நயன்தாராவே பேசினாங்கல்ல, எனக்கு அது ரொம்பப் பிடிச்சுது, அந்த கேரக்டருக்கு அதான் சரின்னு இப்பவும் சொல்வேன். அம்மா பத்து நிமிஷம் கேட்டாங்க. 'பாவம், அந்தப் புள்ளைக்கு சளி புடிச்சிருக்கு போல, அதுக்குன்னு படம் எடுக்காம இருப்பாங்களா'ன்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க. எவ்ளோ சொல்லியும் இன்னும் நம்பல.