20 நிமிடத்தில் சூடேறிவிடும் கம்ப்ரசர் கூலர்: ஆர்-12 கேஸ் நிரப்பலாமா?

பனிமுகில்:
வணக்கம். பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரசரை வைத்து யாரோ செய்த ப்ராசஸர் கூலர் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. சூட்டை வெளியே தள்ளும் கண்டன்சர், கேஸ் தலைக்குப் போகும் மெல்லிய கேபிலரி குழாய், ப்ராசஸர் மேல் உட்காரும் செம்புத் தலை எல்லாம் இருக்கின்றன. கம்ப்ரசர் தகட்டில் குளிரூட்டும் கேஸ் ஆர்-12 என்று போட்டிருக்கிறது.

ஆன் செய்தால் கொஞ்ச நேரத்தில் தலை −24 டிகிரிக்கு இறங்குகிறது. 80 வாட் சுமை கொடுத்தாலும் −15 பக்கம் நிற்கிறது. ஆனால் 20, 25 நிமிடம் போனதும் மளமளவென்று ஏறி, ப்ராசஸர் 90-ஐத் தாண்டி கம்ப்யூட்டர் அணைந்துவிடுகிறது. கேஸ் குறைந்திருக்குமோ? ஒருவர் ஆர்-12 சிலிண்டர் தருவதாகச் சொல்கிறார், ஆனால் அது தடை செய்யப்பட்ட கேஸ் என்றும் கேள்விப்பட்டேன். பதிலுக்கு ஆர்-134ஏ போட்டால் ஓடுமா?

செம்புக்குழாய்:
இப்போதைக்கு எதையும் நிரப்பாதீர்கள். அணைத்து அரை மணி நேரம் விட்டு மறுபடி ஆன் செய்தால் பழையபடி −24 வருகிறதா?

பனிமுகில்:
ஆமாம், ஒவ்வொரு தடவையும். இன்னொன்று, சூடேற ஆரம்பிக்கும்போது கம்ப்ரசர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. தலைக்குள் கேட்கும் ‘உஸ்’ சத்தம் மட்டும் நின்றுபோகிறது.

செம்புக்குழாய்:
அந்தச் சத்தம்தான் துப்பு. கேஸ் குறைவென்றால் சுமை ஏறியதுமே தடுமாறும், ஓய்வு கொடுத்தாலும் சரியாகாது. உங்களுடையதில் ஈரம் புகுந்திருக்கிறது. ஆர்-12-இல் தண்ணீர் கரைவது மிகமிகக் குறைவு. கரையாமல் நிற்கும் துளி, கேபிலரி தலைக்குள் திறக்கும் வாயில் போய் உறைந்துகொள்ளும். அந்தக் குழாயின் உள்விட்டம் ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது. கடுகில் பாதி அளவு பனி போதும் அடைக்க. அடைத்தால் கேஸ் வராது, தலை சூடேறும், பனி உருகும், மறுபடி ஓடும்.

சோதித்துப் பாருங்கள். சத்தம் நின்றதும் கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கூலர் தலையைக் கழற்றித் தள்ளி வையுங்கள். கம்ப்ரசர் ஓடட்டும். கேபிலரி சேரும் இடத்தில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைச் சுற்றுங்கள். சத்தம் திரும்பினால் ஈரமேதான். நெருப்பு மட்டும் காட்டாதீர்கள்.

ஓசோன்காவல்:
தடை பற்றிக் கேட்டீர்கள். 1987 செப்டம்பர் 16 அன்று கையெழுத்தான மான்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி, ஆர்-12 போன்ற, ஓசோனை அரிக்கும் சிஎஃப்சி (குளோரோஃப்ளூரோகார்பன்) கேஸ்களின் உற்பத்தி வளர்ந்த நாடுகளில் 1996 தொடக்கத்திலும், வளரும் நாடுகளில் 2010-லும் முடிவுக்கு வந்தது. ஏற்கெனவே உள்ளே இருக்கும் கேஸோடு பழைய இயந்திரத்தை ஓட்டுவதை அந்த ஒப்பந்தம் தடுக்கவில்லை. ஆனால் காற்றில் திறந்துவிடுவது பல நாடுகளில் குற்றம். குற்றமில்லாத இடத்திலும் தயவுசெய்து செய்யாதீர்கள். ஒரு கிலோ ஆர்-12 சுமார் 10 டன் கரியமில வாயு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். ஓசோனுக்குச் செய்யும் கேடு தனி.

அந்தச் சிலிண்டரைத் தொடவே வேண்டாம். ஸ்டிக்கரில் எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்கிறது என்பதற்கு என்ன உத்தரவாதம்? 2011-இல் குளிரூட்டும் கப்பல் கொள்கலன்களின் கம்ப்ரசர்கள் வெடித்து ஆட்கள் இறந்தார்கள். போலி கேஸில் கலந்திருந்த மீதைல் குளோரைடு அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்று பட்டதும் தீப்பிடிக்கும் பொருளாகியிருந்தது.

செம்புக்குழாய்:
ஆர்-134ஏ-வும் நேரடியாகப் போட முடியாது. ஆர்-12 கம்ப்ரசரில் இருப்பது மினரல் ஆயில். 134ஏ அதோடு கலக்காது, அதனால் வெளியே போன ஆயில் கம்ப்ரசருக்குத் திரும்பாது. கடைசியில் பிஸ்டன் காய்ந்து பிடித்துக்கொள்ளும்.

முறையான வழி: மெக்கானிக்கை வைத்து, இருக்கும் கேஸை ரெக்கவரி மெஷினால் சிலிண்டரில் பிடித்துவிட்டு, ஈரத்தை உறிஞ்சும் புது ட்ரையர் பற்றவைத்து, நைட்ரஜனில் கசிவு பார்த்து, உள்ளே இருக்கும் காற்றும் ஈரமும் போக நன்றாக வேக்யூம் போட வேண்டும். பிடித்த கேஸைச் சுத்தப்படுத்தித் திரும்ப ஏற்றலாம். என்னைக் கேட்டால், எப்படியும் திறக்கிறீர்கள், ஆர்-290-க்கென்றே செய்த சின்ன கம்ப்ரசருக்கு மாறிவிடுங்கள். அது புரொப்பேன், −42-இல் கொதிக்கும், ஓசோனைத் தொடாது. தீப்பற்றும் என்பதால் பழகிய ஆள்தான் ஏற்ற வேண்டும். இந்தப் பழைய கம்ப்ரசரிலேயே புரொப்பேன் போட்டால் அழுத்தம் கூடி மோட்டார் திணறும்.

பனிமுகில்:
துணி சுற்றினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, ‘உஸ்’ வந்துவிட்டது, தலை மறுபடி −20-க்குப் போனது! சிலிண்டர்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ரெக்கவரி மெஷின் வைத்திருக்கும் மெக்கானிக்கைத் தேடுகிறேன். தலையைக் கழற்றியபோது ப்ராசஸர் உட்காரும் சாக்கெட்டைச் சுற்றி நீர்முத்துகள் இருந்தன, மதர்போர்டின் பின்பக்கமும் ஈரம். இதுவும் அந்தக் கோளாறுதானா?

ஓசோன்காவல்:
இல்லை, அது வெளியீரம். அறை 30 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் 24 டிகிரிக்குக் கீழே உள்ள எதன் மேலும் நீர் கோக்கும். போர்டை ஒரு நாள் முழுக்க உலர விடுங்கள். அப்புறம் சாக்கெட்டின் முன்னும் பின்னும் மூடிய துளை நியோப்ரீன் ஃபோம் வைத்து, காற்று புக இடுக்கே இல்லாமல் அடையுங்கள். சாக்கெட் குழிக்குள் மின்சாரம் கடத்தாத டைஎலக்ட்ரிக் கிரீஸ் போடுங்கள். பின்பக்கத்தை மறந்துவிடாதீர்கள், அங்கே கோக்கும் ஈரமும் போர்டைக் கெடுக்கும்.