தயிர் வண்டிக்கு ஸ்ரிக்கர் ஒட்டிய அனுபவம்

கிளிநொச்சியிலிருந்து:

பரந்தனில் தொடங்கி விசுவமடு, புதுக்குடியிருப்பு வழியாக முல்லைத்தீவு வரை எருமைத் தயிர் விநியோகிக்கும் எங்கள் பட்டா வாகனத்துக்கு (சிறிய லொறி) முதன்முதலில் விளம்பரம் ஒட்டியபோது, முழு உடம்பையும் படத்தால் மூடுவதே சிறந்தது என்று நம்பினேன். தயிர்ச்சட்டி, எருமை, வயல்வெளி, நான்கு தொலைபேசி இலக்கங்கள் என எதையும் விட்டுவைக்கவில்லை. ஒட்டித் தந்த கடைக்காரர் பயன்படுத்தியது சமதளத்துக்கு மட்டுமே ஏற்ற மலிவான ‘கலண்டர்’ (calendered) வகை ஸ்ரிக்கர் என்பதை, அலுமினியப் பெட்டியின் நெளிவுகளுக்குள் சூடு காட்டி இழுத்து ஒட்டிய தாள் எட்டே மாதத்தில் சுருங்கி மேலெழும்பிய பிறகுதான் அறிந்துகொண்டேன். பள்ளங்களில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்தது. ஓரத்துப் பசையில் கிரவல் புழுதி படிந்து சிவப்புக் கரை கட்டியது. எருமையின் முகம்தான் முதலில் கிழிந்தது.

கலண்டர் தாள் உருளைகளுக்கிடையே நசுக்கி இழுக்கப்படுவதால், வெயில் பட்டால் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும். ‘காஸ்ட்’ (cast) எனும் மற்ற வகை ஸ்ரிக்கரோ திரவமாக ஊற்றி உலர்த்தப்படுவது; ஏறத்தாழ 50 மைக்ரோன் தடிப்பே உள்ள அது, நெளிவிலும் ஆணித்தலையிலும் படிந்து கிடக்கும். ஆனால் அதன் கூடிய விலைக்கு முழு வண்டியையும் மூட எங்கள் வியாபாரம் இடந்தரவில்லை. (உண்மையைச் சொன்னால், அந்த எருமையைப் பார்த்துத் தயிர் வாங்க வந்தவர் எவருமில்லை.)

ஆகவே இரண்டாம் முறை வெள்ளைப் பெட்டியில் கடும் நீல நிறத்தில் வெட்டு எழுத்துகள் மட்டும் ஒட்டினோம். அதிலும் ஒரு பாடம் கிடைத்தது. சேர்விஸ் நிலையத்தில் வேகமாகத் தண்ணீர் அடித்த இரண்டாவது தடவையே ‘ர்’ எழுத்தின் புள்ளி பறந்துபோக, மூன்று வாரம் ‘தயிர’ விற்றுத் திரிந்தோம். தனித்து நிற்கும் சிறு துண்டுக்குப் பிடிமானம் குறைவு என்பதால், புள்ளிகளை எழுத்தின் கோட்டைவிடத் தடித்தவையாக வெட்டச் சொல்லி மீண்டும் ஒட்டினேன். ஒட்டிய அன்றே விசுவமடுச் சந்தியில் வண்டியை நிறுத்தி, வீதியின் மறுகரையில் நின்ற ஒரு பெடியனை வாசிக்கச் சொன்னேன். தயிரையும் இலக்கத்தையும் தயங்காமல் வாசித்தான். அவற்றின் கீழே சிறிதாகப் போட்டிருந்த மூன்று வரிகளையும் வாசிக்கவில்லை. அவற்றை அங்கேயே நகத்தால் உரித்துவிட்டேன்.

ஒட்டுசுட்டானிலிருந்து:

அண்ணை, நீர்ப்பம்பி திருத்தும் வேலைக்கு நான் வாடகை வானையே பயன்படுத்துவதால், விளம்பரத்துக்கு ஒட்டிக் கழற்றக்கூடிய காந்தத் தகடுதான் வசதியாக இருக்கிறது. இரும்புக் கதவில் மட்டுமே அது பிடிக்கும். உங்கள் அலுமினியப் பெட்டியிலோ பைபர் பாகங்களிலோ நிற்காது. வாரம் ஒரு தடவை கழற்றி இருபுறமும் துடைக்காவிட்டால் இடையில் புகும் புழுதி பெயின்ரைத் தேய்த்துவிடும் என்பதை, வான்காரரிடம் ஏச்சு வாங்கித்தான் நான் படித்தேன். பின்கண்ணாடிக்கு, உள்ளிருந்து வெளியே பார்க்கச் சிறு ஓட்டைகள் உள்ள ஸ்ரிக்கர் ஒட்டுவதானால் மேலே லமினேற் (ஒளி புகும் மேலுறை) போட்டதையே கேளுங்கள். அது இல்லாததால் ஒருமுறை மாரி மழையில் ஓட்டைகளுக்குள் தண்ணீர் தங்கி, மாங்குளம் வரும்வரை பின்னால் வந்த பஸ் எனக்குத் தெரியவேயில்லை.