புதுவையில் 'லெ பொனேர்' திரையிடல்: எப்படிக் காட்டுவது, எதைப் பேசுவது?

லாஸ்பேட்டை திரைவட்டம்:
பிரெஞ்சு இயக்குநர் ஆக்னெஸ் வர்தாவின் 'லெ பொனேர்' ('சந்தோஷம்', 1965) படத்தை அடுத்த மாதம் போடுகிறோம். சொல்தா (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்கள்) குடும்பத்துப் பெரியவர்கள் சிலருக்குப் பிரெஞ்சு தெரியும். மற்றவர்களுக்காகத் தமிழ் வசனவரி தயார் செய்திருக்கிறோம். ஆனால் ஓட்டிப் பார்த்தால் எழுத்து வசனத்தை முந்திக்கொண்டு ஓடுகிறது, போகப்போக மோசமாகிறது. இன்னொன்று, கட்டின மனைவியும் வேண்டும், சின்னவீடும் வேண்டும் என்பவனுக்கு எந்தத் தண்டனையும் இல்லாமல் படம் முடிகிறது. இதற்கா கூப்பிட்டீர்கள் என்று சண்டை வந்தால் என்ன சொல்வது? முன்னுரையில் விளக்கிவிடலாமா?

புரொஜெக்டர் பைத்தியம்:
வசனவரி விநாடிக்கு 25 பிரேம் கணக்கில் நேரம் குறித்தது, உங்கள் படம் 24 பிரேமில் ஓடுகிறது. பத்து நிமிடத்துக்கு 24 விநாடி முந்தும். 80 நிமிடப் படத்தின் கடைசியில் மூன்று நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் வரும். படம் ஓட்டும் விஎல்சி மென்பொருளில் ஜி, எச் பொத்தான்களைத் தட்டினால் மொத்தமாகத் தள்ளிப்போகுமே தவிர இழுபடாது. 'சப்டைட்டில் எடிட்' மென்பொருளில் பிரேம் விகிதத்தை 25-லிருந்து 23.976-க்கு (டிஸ்கில் 24 என்பது பெரும்பாலும் இதுதான்) மாற்றிச் சேமியுங்கள். யூடிஎஃப்-8-ல் சேமிக்காவிட்டால் திரையில் குப்பை எழுத்துதான் வரும். கொம்பும் காலும் இடம் மாறி நின்றால் அது எழுத்துருக் கோளாறு. நிர்மலா அல்லது லதா எழுத்துருவைப் போட்டுப் பாருங்கள்.

மஞ்சள் எழுத்து வேண்டாம், படம் தொடங்குவதே சூரியகாந்தியில். வெறும் வெள்ளையும் வேண்டாம். இந்தப் படத்தில் காட்சி முடிந்தால் திரை கறுப்பாகாது. நீலம், சிவப்பு, வெள்ளை என்று ஏதாவது ஒரு நிறத்தில் கரையும். வெள்ளை எழுத்துக்குத் தடித்த கறுப்பு ஓரம் கொடுங்கள். கருவியை ஓட்டுபவரிடமும் இதை முன்பே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் திரை திடீரென்று சிவந்ததும் ஒயரைப் பிடுங்கி மாட்டப் போய்விடுவார். புரொஜெக்டரில் 'விவிட்', 'டைனமிக்' எதுவும் கூடாது. 'சினிமா' முறையில் வையுங்கள், தானாக வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். அது இருந்தால் ஒவ்வொரு நிறக் கரைவிலும் திரை துடிக்கும். படத்தின் அகலம்-உயர விகிதம் 1.66. இரண்டு பக்கமும் மெல்லிய கறுப்புப் பட்டை வருவதுதான் சரி. திரையை நிரப்ப ஜூம் செய்தால் மேலும் கீழுமாகச் சேர்த்து 7 சதவீதம் போய்விடும்.

மஞ்சக்குப்பம் வாசகர்:
முன்னுரையில் விளக்காதீர்கள். "இது கிண்டல், ஏமாறாதீர்கள்" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் படம் செத்துவிடும். தச்சன் பிரான்சுவா, தையல் வேலை பார்க்கும் மனைவி தெரேஸ், இரண்டு பிள்ளைகள், ஞாயிற்றுக்கிழமை காட்டில் சாப்பாடு. இந்தச் சந்தோஷத்தைப் பார்ப்பவர்களும் நம்பவேண்டும், அப்போதுதான் பின்னால் உறுத்தும்.

படம் முடிந்த பிறகு சொல்ல ஒரு தகவல்: பிரான்சுவாவாக வரும் ழான்-க்ளோத் த்ரூவோ அப்போது தொலைக்காட்சித் தொடரால் பிரபலமான நாயகன். தெரேஸாக வருபவர் அவருடைய நிஜ மனைவி க்ளேர், பிள்ளைகளும் அவர்களுடையவையே.

சண்டை வந்தால் தீர்ப்பைப் பற்றிப் பேசாமல் காட்சிக்குப் போங்கள். திறந்தவெளி நடனம் ஒன்று வரும். கேமரா ஒரு மரத்தைத் தாண்டி இப்படியும் அப்படியும் போய்வரும், ஜோடிகள் மாறும், ஆட்டம் மட்டும் நிற்காது. கதை முழுக்க அதில் இருக்கிறது. தெரேஸ் செய்த வீட்டு வேலைகளைக் கடைசிப் பகுதியில் தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் காதலி எமிலி அப்படியே எடுத்துச் செய்கிறாள், பிள்ளைகளைத் தூங்கவைப்பதுகூட. குடும்பத்தில் ஒரு காலியிடம் விழுந்தது, ஆள் வந்து நிரப்பியாயிற்று. நம் படங்களில் கணவன் காலில் விழுவான், இல்லை யாராவது செத்துக் கணக்குத் தீரும். இங்கே சாவு வருகிறது, கணக்குத் தீரவில்லை. எரிச்சல் வருவது நியாயம்தான்.

உப்பளம்:
பிரான்சுவா சொல்லும் ஆப்பிள் தோட்டத்தையும் விடாதீர்கள். வேலிக்கு வெளியே இன்னொரு மரம் பூத்தால் தோட்டத்துக்கு லாபம்தானே என்பது அவன் கணக்கு. அதே கணக்கைத் தெரேஸும் போடலாமா என்று கூட்டத்தில் கேளுங்கள், அரைமணி நேரம் ஓடிவிடும். ஒரு விஷயத்தில் மட்டும் மஞ்சக்குப்பத்தாரோடு உடன்பாடில்லை: கிண்டல் என்றே முடிவுகட்ட முடியாது. பிரான்சுவா பொய் சொல்வதில்லை, மோசமானவனாகவும் காட்டப்படவில்லை. பின்னணியில் ஓடும் மோட்சார்ட்டும் அவனைக் கேலி செய்யவில்லை.

லாஸ்பேட்டை திரைவட்டம்:
நன்றி. வசனவரி இப்போது ஒத்துப்போகிறது. தெரேஸ் தண்ணீரில் தானாக விழுந்தாளா, தவறி விழுந்தாளா? இதைக் கட்டாயம் கேட்பார்கள்.

மஞ்சக்குப்பம் வாசகர்:
பிரான்சுவா உடலைத் தூக்கி அணைக்கும் காட்சி திரும்பத் திரும்ப வெட்டி ஒட்டப்பட்டிருக்கும். அதற்கு நடுவே கண்மூடித் திறப்பதற்குள் ஒரு ஷாட்: தண்ணீரில் தெரேஸ் ஒரு கிளையைப் பிடிக்கிறாள். தவறி விழுந்தாள் என்பவர்களுக்கு அது சாட்சி. மற்றவர்களுக்கு, அது பிரான்சுவா தன்னைச் சமாதானப்படுத்திக்கொள்ள நினைத்துக்கொண்ட காட்சி. அந்த ஷாட் வரும் நிமிடம், விநாடியைக் குறித்துவையுங்கள். யாராவது கேட்டால் பேச்சை நிறுத்திவிட்டு அதைத் திரும்பப் போட்டுக்காட்டுங்கள்.

புரொஜெக்டர் பைத்தியம்:
படுக்கைக் காட்சிகளில் உடை இருக்காது. பெரியவர்களுக்கு மட்டும் என்று நோட்டீசிலேயே போட்டுவிடுங்கள். உரிமையை வர்தா தொடங்கிய நிறுவனமான சினே-தமாரிஸிடம் எழுதிக் கேட்கவேண்டும். டிஸ்க் கையில் இருப்பது மட்டும் பொதுவில் போட அனுமதி ஆகாது. பதில் வர நாளாகலாம், இன்றே எழுதுங்கள்.