மொபைல் ஸ்டார்ட்டருக்கு 4ஜி ராயல்டி கேட்டு நோட்டீஸ்: போட்டி ஆணையத்துக்குப் போகலாமுங்களா?

பீளமேடு பேனல்:
பம்ப்செட்டுக்கு மொபைல் ஸ்டார்ட்டர் (போன்லயே மோட்டாரைப் போட்டு நிறுத்தற கருவி) பண்றோமுங்க. 4ஜி மாட்யூல் வெளியில வாங்கறது. இப்ப 4ஜி தொழில்நுட்பத்துக்குக் காப்புரிமை வெச்சிருக்கற கம்பெனிக்காரங்க, ஸ்டார்ட்டர் விலை முழுசுக்கும் 1% ராயல்டி கேக்கறாங்க. ஆதிக்கத்தைத் தப்பா பயன்படுத்தறாங்கன்னு ஆணையத்துல புகார் குடுக்கலாமுங்களா?

நொய்யல்கரை:
அந்தக் கதவு இப்ப சாத்தியிருக்குதுங்ண்ணா. மொபைல் காப்புரிமை நிறைய வெச்சிருக்கற எரிக்சன் கம்பெனி வழக்குல 2023 ஜூலையில டெல்லி உயர் நீதிமன்றம், காப்புரிமை உரிமத்தைக் காப்புரிமைச் சட்டந்தான் ஆளும், ஆணையம் விசாரிக்க முடியாதுன்னுடுச்சு. ஆணையத்தோட மேல்முறையீட்டை 2025 செப்டம்பர்ல உச்ச நீதிமன்றம் தள்ளுபடி பண்ணிடுச்சு. உங்க ஆயுதம் காப்புரிமைச் சட்டத்துல 84-ம் பிரிவு (கட்டாய உரிமம்: உரிமையாளர் ஒத்துக்காட்டியும் காப்புரிமை அலுவலகம் தர்றது), 140-ம் பிரிவு. வேண்டாத காப்புரிமையையும் சேத்து மூட்டையாத் தலையில கட்டற நிபந்தனை 140-படி செல்லாது.

கோப்புக்கட்டு:
நோட்டீசுக்குப் பதில் போடாம மட்டும் இருக்காதீங்க. ‘உரிமம் வாங்க மனசில்லாதவர்’னு முத்திரை விழுந்தா தடையாணை, இடைக்கால டெபாசிட் எல்லாம் வரும். இந்தியக் காப்புரிமை எண்கள், 4ஜி தரநிலையில (எல்லாக் கருவியும் பின்பத்த வேண்டிய பொதுத் தொழில்நுட்ப விதி) எந்தப் பிரிவுக்கு எது பொருந்துதுங்கற அட்டவணை ரெண்டையும் எழுத்துல கேளுங்க. மனு தேதியில இருந்து 20 வருசம் தாண்டினதை அடிச்சிடுங்க. பழைய 2ஜி காப்புரிமை நிறைய அதுலயே கழிஞ்சிரும்.

ராயல்டியை எந்த விலை மேல கணக்குப் போடறதுங்கறதுதான் பெரிய சண்டை. மாட்யூல் 700, ஸ்டார்ட்டர் 6,000னு வெச்சுக்குங்க: 1% ஒண்ணுல 7 ரூவா, இன்னொண்ணுல 60. ஆனா டெல்லியில முழுக் கருவி விலையையும் ஏத்துக்கிட்டிருக்காங்க, அதனால எதிர்த்தொகையைக் கணக்கோட எழுதிக் குடுங்க.

பீளமேடு பேனல்:
மாட்யூல் விக்கறவங்க பொறுப்பில்லைங்களா?

கோப்புக்கட்டு:
கொள்முதல் ஒப்பந்தத்துல இழப்பீட்டுப் பிரிவைப் பாருங்க. தரநிலைக் காப்புரிமைக்கு (4ஜி தரநிலையைப் பின்பத்தினா தவிர்க்க முடியாத காப்புரிமை) மட்டும் இழப்பீடு கிடையாதுன்னு பொடி எழுத்துல இருக்கலாம். அவங்க ஏற்கெனவே உரிமம் வாங்கியிருந்தா உங்ககிட்ட மறுபடி கேக்க முடியாதுன்னு வாதாடலாம். அதுக்கு மொதல்ல எழுத்துல உறுதி வாங்குங்க.