கலர் தெரிவு செய்யப்போய் மாட்டிக்கொண்ட கதைகள்: உங்களுடையதையும் சொல்லுங்கள்

வெள்ளவத்தையான்

நானே தொடங்குகிறேன். புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடைக்கு வெப்சைட் செய்தேன். அந்த நாட்களில் வெளிநாட்டு ஃபேஷன் தளங்களில் எனக்கு ஒரு மயக்கம். வெள்ளைப் பின்னணி, நிறைய வெற்றிடம், நூல் மாதிரி மெல்லிய கறுப்பு எழுத்து. அப்படியே செய்துகொண்டுபோய் முதலாளியிடம் போனில் காட்டினேன். மேலும் கீழும் இரண்டு தரம் தள்ளிப் பார்த்தார். போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இது கலியாணப் புடவைக் கடையோ, மரண அறிவித்தலோ?"

கோபம் வந்தது, உண்மை. ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் பம்பலப்பிட்டியில் ஒரு ஒழுங்கையில் செத்தவீடு. போஸ்டுக்குப் போஸ்ட் வெள்ளைக் கொடி, முனையில் வெள்ளைத் துணியில் கறுப்பு எழுத்து. என் டிசைன் அங்கே தொங்கிக்கொண்டிருந்தது!

மறுநாள் கடைக்குப் போய்க் கூறைப் புடவை அடுக்குக்கு முன்னால் அரை மணி நேரம் நின்றேன். அரக்குச் சிவப்பு, ஓரத்தில் சரிகை. அரக்குக்கு #800000 என்ற நிறக் குறியீட்டை எடுத்தேன். சரிகைக்கு ஒரு தங்க மஞ்சள். அந்த மஞ்சளை வெள்ளைப் பின்னணியில் எழுத்தாகப் போட்டால் ஒளி வேறுபாடு வெறும் 1.5:1, வெயிலில் ஒன்றும் தெரியாது. அதே மஞ்சள் அரக்கின் மேல் 7:1-ஐத் தாண்டுகிறது. எல்லோரும் பயன்படுத்தக்கூடிய மாதிரி வெப்சைட் செய்யச் சொல்லும் டபிள்யூசிஏஜி வழிகாட்டி சாதாரண எழுத்துக்குக் கேட்பதே 4.5:1தான். நெசவுகாரருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஒருவரும் தேவைப்படவில்லை.

ஒரு பிழை மட்டும் மிச்சம் கிடந்தது. வாங்கும் பட்டனும் அரக்கு, பிழைச் செய்தியும் சிவப்பு. ஒரு அக்கா கடைக்குப் போன் எடுத்து, "காசு கட்டுற பட்டன் சிவப்பாக் கிடக்கு, ஏதும் பிழையோ?" என்று கேட்டாராம். பட்டனைப் பச்சையாக்கினேன்.

கொட்டாஞ்சேனைப் பெடியன்

பச்சை என்று வாசித்ததும் சிரித்துவிட்டேன். 2020 பொதுத் தேர்தலுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு டியூஷன் வகுப்புக்கு நானும் பச்சைதான் போட்டேன். சேர் பார்த்துவிட்டு, "நான் யானைக்கு வேலை செய்யிறன் எண்டு தாய் தகப்பன்மார் நினைப்பினம்" என்றார். யானை யூஎன்பி கட்சியின் சின்னம், பச்சை அதன் நிறம். நீலம் என்றேன். அது கைச் சின்னத்துச் சுதந்திரக் கட்சி. சிவப்பு ஜேவிபி. அரக்கு மொட்டுச் சின்னத்துப் பொதுஜன பெரமுன. மஞ்சளில் எழுத்துத் தெரியாது. நீலம் நம்பிக்கையின் நிறம், பச்சை வளர்ச்சியின் நிறம் என்று படம் போட்டு விளக்குகிறவர்கள் தேர்தல் நேரம் கொழும்புக்கு வந்து ஒரு வெப்சைட் செய்து பார்க்கட்டும்.

கடைசியில் ஊதா, #663399. வெப்சைட்டின் தோற்றத்தை எழுதும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் இதற்கு 'ரெபேக்காபர்ப்பிள்' என்று பெயர். சிஎஸ்எஸ் வல்லுநர் எரிக் மேயரின் மகள் ரெபேக்கா 2014இல் ஆறு வயதில் புற்றுநோயால் இறந்தபோது, அவள் நினைவாகச் சேர்த்த பெயர் அது. சேர் சந்தேகத்தோடு, "இது ஆற்றை கட்சி?" என்றார். ஒருத்தருடையதும் இல்லை சேர் என்றேன். ரெபேக்காவின் கதையை அவரிடம் சொல்லவில்லை.

மேலே எரிந்தால் நில்

எனக்குப் பிறவியிலேயே சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாது. இதற்குக் காரணமான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண்களுக்குத்தான் இது அதிகம். காலி வீதி சிக்னலில் சிக்கல் இல்லை: மேலே எரிந்தால் நில், கீழே எரிந்தால் போ. வெப்சைட்டில் அந்த வசதி கிடையாது.

ஒரு தடவை ஒன்லைனில் விண்ணப்பம் நிரப்பினேன். அனுப்பியதும், "சிவப்பில் உள்ள கட்டங்களைத் திருத்தவும்" என்று வந்தது. பதினொரு கட்டம், பதினொன்றும் எனக்கு ஒரே மாதிரி. பெயரை மாற்றி எழுதினேன், முகவரியைச் சுருக்கினேன், பிறந்த திகதியை மூன்று விதமாகப் போட்டேன். நேரம் முடிந்துவிட்டது என்று தளம் என்னை வெளியே தள்ளியது. இரண்டு தரம்! பிறகு அண்ணன் மகளைக் கூப்பிட்டேன். ஒரு விநாடியில் விரல் வைத்துக் காட்டினாள்: அடையாள அட்டை இலக்கத்தின் கடைசியில் 'வி' எழுத்தை விட்டிருந்தேன். அந்தக் கட்டத்துக்குக் கீழே "இலக்கம் முழுமையில்லை" என்று ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் எடுத்திருக்கும்? நிறத்தை மட்டும் வைத்து ஒரு செய்தியைச் சொல்லாதே என்பது அதே டபிள்யூசிஏஜியில் இருக்கிற விதிதான்.

வெள்ளவத்தை அண்ணை, உங்கள் அரக்குக்குப் பக்கத்தில் அந்தப் பச்சைப் பட்டன் எனக்கு மண் நிறத்தில்தான் தெரியும். இரண்டும் ஒன்றுதான்.

வெள்ளவத்தையான்

இப்போதுதான் தளத்தின் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தேன் தம்பி. பட்டனைக் காணவில்லை. பச்சையை எடுத்துவிட்டுத் தங்க மஞ்சளில் பட்டன், அதன் மேல் அரக்கு எழுத்தில் "பணம் செலுத்துங்கள்" என்று போட்டிருக்கிறேன். பிழைச் செய்திக்கு முன்னால் "பிழை:" என்ற சொல்லும் வருகிறது. ஒருக்காப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கோ.