பள்ளி முடித்த பிள்ளைகளுக்கு அடுத்து என்ன? கொஞ்சம் கைகொடுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். பள்ளி இறுதி வகுப்பு முடித்த 14 பிள்ளைகளோடு வார இறுதிகளில் உட்கார்ந்து, மேலே படிப்பதா, தொழில் கற்பதா, வேலைக்குப் போவதா என்று பேசி வருகிறேன். நான் ஆலோசகர் இல்லை, கணக்கு எழுதுபவன்.

மதிப்பெண்ணைவிடப் பெரிய சிக்கல், இடம் கிடைத்தவர்களே சேராமல் நின்றுவிடுவது. பள்ளி முடிந்து கல்லூரி திறக்கும்வரை உள்ள இரண்டு மூன்று மாதங்களில் ஒரு படிவமோ சான்றிதழோ கடைசித் தேதியோ தவறிவிடுகிறது. பள்ளியோடு தொடர்பு விட்டுப்போயிருக்கும், கல்லூரியில் யாரையும் தெரியாது. போன வருடம் ஒரு பெண், கட்டணச் சலுகைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும் என்று தெரியாமலே இடத்தை விட்டுவிட்டாள். எனக்கும் அது தெரியவில்லை என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

அப்புறம், அப்ரண்டிஸ் பயிற்சி. உதவித்தொகையோடு தொழில் கற்கலாம் என்றால் பிள்ளைகளுக்கு ஆசை வருகிறது. பெற்றோரோ "படிப்பு ஏறாதவன் போகிற இடம்" என்கிறார்கள். அவர்களிடம் எப்படிப் பேசினீர்கள்?

எலக்ட்ரீசியன், நர்ஸ், வெல்டர் யாராவது அரை மணி நேரம் வீடியோ அழைப்பில் வர முடியுமா? சாதனைக் கதை வேண்டாம். முதல் வருடம் எப்படி இருந்தது, எங்கே சொதப்பினீர்கள், அது போதும்.

தேதிகளை நினைவூட்டவும் ஒரு வழி சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டால் குட் மார்னிங் படங்களுக்கு அடியில் போய்விடுகிறது.